கொடியை இறக்கியவரின் மகள்

இரண்டு நாட்களில் லிஃப்ற் திருத்தப்படும் என்று கட்டடத்து மனேச்சர் ஓர் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை அதில் 'இரண்டு' என்பது சிவப்புப் பென்சிலால் வெட்டப்பட்டு 'ஒன்பது' என்று மாறியிருந்தது. யார் செய்த வேலை என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அப்படிச் செய்யக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான் இருந்தார். பதினோராம் மாடியில் எங்களுக்கு எதிர்க்கதவு. எண்பத்தைந்து வயது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அத்தனை மாடியும் ஏறிவந்து, மூச்சு வாங்க வாங்க என்னிடம் சொன்னார்:

"போன முறையும் ரெண்டு நாள் எண்டுதான் போட்டவன். ஒன்பது நாள் எடுத்தது. நான் எழுதி வச்சிருக்கிறன்."

இந்த முறை பத்து நாள் எடுத்தது. பத்தாம் நாள் கீழே போய் ஒன்பதையும் வெட்டிப் பத்து என்று எழுதிவிட்டு, திருத்திய லிஃப்ற்றிலேயே மேலே வந்தார்.

நாங்கள் அவரை றஷ்யன் அன்ரி என்றோம். அவருக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. பிழையாகச் சொன்னால் மூன்று தரம் திரும்பச் சொல்ல வைப்பார் என்ற பயத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. நானும் அவரும் பேசியது இங்கிலீஷ். என்னுடையது ஒரு காலால் நொண்டும், அவருடையது மற்றக் காலால். ஆனால் இன்று நினைத்தால், அவர் என்னோடு எங்கள் தமிழிலேயே கதைத்ததாகத்தான் காதில் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். அன்ரி இருந்திருந்தால் இதையும் வெட்டித் திருத்தியிருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரெக்ஸ்டேல் என்ற புறநகருக்கு நாங்கள் அகதிகளாக வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அன்ரியோடு என் முதல் பேச்சே சண்டைதான். கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் மெஷினுக்குள் உடுப்பைப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். சோறு அடுப்பில். திரும்பிப் போனபோது அன்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"அஞ்சு நிமிசம் எண்டு சொன்னீர். பதினேழு நிமிசம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிற காலம். நாள் முழுக்கப் பாக்டரியில் நின்று பெட்டி அடைத்துவிட்டு வந்தவள். "உங்களுக்கு வேற வேலை இல்லையோ அன்ரி?" என்று பாய்ந்தேன்.

"வேலை இருக்கு. எண்டாலும் பதினேழு பதினேழுதானே," என்றார். கோபமே இல்லை. என் ஈர உடுப்பை எடுத்துக் கூடைக்குள் போட உதவியும் செய்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுசியோடு கோபிப்பது மணிக்கூட்டோடு கோபிப்பது மாதிரி.

எங்கள் அகதி வழக்குக்குக் கொடுக்க எழுதிய வாக்குமூலத்தை அவரிடம்தான் காட்டினேன், இங்கிலீஷ் சரியா என்று பார்க்க. அன்ரி இங்கிலீஷைப் பார்க்கவேயில்லை. ஒரு திகதியில் பென்சிலை வைத்து, "ஆமி வீட்டை வந்தது இந்த நாள்தான் எண்டு உமக்கு வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது, சும்மா ஒரு நாளைப் போட்டேன், திகதி இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள் என்றேன்.

"தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லும். அதுவும் உண்மைதான்."

விசாரணையில் மூன்று தரம் தெரியாது என்று சொன்னேன். பக்கத்திலிருந்த என் கணவர் மேசைக்குக் கீழே காலை மிதித்தார். வழக்கு வென்றது. அவர் அதை அதிர்ஷ்டம் என்றார். நான் ஒரு தட்டில் கேசரியோடு எதிர்க்கதவைத் தட்டினேன். அன்ரி ஒரு கரண்டி வாயில் வைத்து, "சீனி கூடிப்போச்சு. மற்றப்படி நல்லது," என்றார்.

அவருடைய குசினிச் சுவரில் இரண்டு கலண்டர்கள் தொங்கின. ஒன்று நம்முடையது, மற்றது அவருடைய சபையின் பழைய கலண்டர். அது பதின்மூன்று நாள் பிந்தியது. ஊர் முழுக்க நத்தார் கொண்டாடி முடித்து கிறிஸ்மஸ் மரத்தைக் குப்பையில் போட்ட பிறகுதான் அன்ரிக்கு நத்தார் வரும். அதைவிட வேடிக்கை, அவருடைய பழைய புதுவருடம் எங்கள் தைப்பொங்கலில் வந்து விழும். நான் பொங்கலோடு போவேன், அவர் கோவா இலை அரிந்து வைத்துச் சுட்ட பணியாரத்தோடு வருவார். நடைபாதையில் இரண்டு தட்டும் சந்திக்கும்.

அப்படி ஒரு பொங்கலன்றுதான் அந்தப் படத்தைக் காட்டினார். கடற்படைச் சீருடையில் ஒரு மனிதர். தாடி, இரண்டு வரிசைப் பொத்தான், தோளில் பட்டி.

"என்ர அப்பா. சார் மன்னர் காலத்துக் கப்டன். இந்த உடுப்போட நான் அவரைக் காணேல்லை. நான் பிறக்க முதலே பறிச்சுப்போட்டினம்."

அந்தக் கதையை அவர் ஒரு நாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. உருளைக்கிழங்கு சீவும்போது ஒரு துண்டு, லிஃப்ற்றுக்குள் ஒரு துண்டு. நான் அடுத்த துண்டுக்காக ஆவென்று காத்திருப்பேன். கப்டன் பன்னிரண்டு வயதில் கடற்படைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர். பாய்மரத்தில் ஏறச் சொன்னால் உச்சிக்குப் போய் இருந்துகொண்டு, இங்கேயிருந்து பார்க்க வடிவாக இருக்கிறது, கொஞ்சம் பொறுத்து வாறன் என்றாராம். வளர்ந்த பிறகு வடக்குக் கடலில் ஆழம் அளந்து கடலின் வரைபடம் கீறினார். அவருடைய படத்தில் ஒரு பாறை இருந்தது, மேலதிகாரியின் படத்தில் அந்தப் பாறை இல்லை. மேலதிகாரியின் கப்பல் அதிலேதான் போய் ஏறியது. "அதுக்குப் பிறகு அப்பாக்கு நல்ல கப்பலே குடுக்கேல்லை," என்பார் அன்ரி, பெருமையும் எரிச்சலும் கலந்து.

நாற்பது வயதில் ஒரு கிழட்டுக் கப்பல் கிடைத்தது. அதோடு ஜப்பான்காரனோடு சண்டைக்குப் போனார். ஒரு குடாவில் மாட்டிக்கொண்டார். அவர்களுடைய குண்டு இங்கே வந்து விழுகிறது, இவருடைய குண்டு பாதிக் கடலில் விழுகிறது. கப்டன் கொடியை இறக்கிவிட்டார். கப்பலோடு சரணடைந்தார்.

ஜப்பானில் சிறையிருந்து திரும்பி வந்ததும் இராணுவ நீதிமன்றம். தோள்பட்டியை அறுத்தார்கள், பதவி பட்டம் எல்லாம் போனது. பிறகு ஆற்றுக் கப்பலில் ரிக்கற் கிழிக்கிற வேலை. அதற்குப் பிறகுதான் அன்ரி பிறந்தார். புரட்சி வந்து சீனாவுக்கு ஓடினார்கள். அங்கே ஓடிவந்திருந்த மற்றப் பழைய அதிகாரிகள் கப்டனைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறிவிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் அன்ரி இருக்கிற வாங்கில் பக்கத்தில் ஒருத்தியும் வந்து இருக்கமாட்டாள். சரணடைந்தவனின் மகள்.

இதை வீட்டில் சொன்னேன். "கப்பலைக் குடுத்திட்டு வந்தவனெல்லாம் கப்டனோ? கப்பலோட கடலுக்குள்ள தாண்டிருக்க வேணும்," என்றார் என் கணவர், சோபாவில் படுத்தபடி.

"நயினாதீவுக்குப் போற வள்ளத்திலயே சத்தி எடுத்த ஆள் நீங்கள். வாயை மூடிக்கொண்டு படுங்கோ," என்றேன்.

ஆனால் கதையில் ஒரு முடிச்சு இருந்தது. கடற்படைத் தளபதி கையால் எழுதிய ஓர் உத்தரவு இருந்ததாம்: இனிச் சண்டை வேண்டாம், கொடியை இறக்கி ஆட்களைக் காப்பாற்று. அந்த உத்தரவு முதலில் வந்ததா, கப்டன் கொடியை இறக்கியது முதலிலா? உத்தரவு முதலில் என்றால் கப்டன் குற்றவாளியே இல்லை, சொன்னதைச் செய்தவர். அன்ரியின் தாய் சாகும்வரை அதைத்தான் சொன்னார்: உத்தரவு வந்தது, தளபதிக்கு அரண்மனையில் ஆள் இருந்தபடியால் அவர் பேரைக் காப்பாற்றக் கடதாசியை ஒளித்துவிட்டார்கள். கப்டனோ, யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் இறக்கினனான்."

"அம்மா சொன்னதுதான் சரி," என்பார் அன்ரி. "தளபதியைக் காட்டிக்குடுக்கக் கூடாது எண்டு அப்பா பழியைத் தன்ர தலையில போட்டவர். அப்பிடியான மனுசன்."

டவுண்டவுனில் பழைய றஷ்யர்கள் கூடுகிற மண்டபம் ஒன்று இருந்தது. அதன் சுவர் நிறைய ஓடிவந்த கடற்படை அதிகாரிகளின் படங்கள். அங்கே தன் தகப்பனின் படமும் தொங்கவேண்டும் என்று அன்ரி இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சரணடைந்தவருக்கு அந்தச் சுவரில் இடமில்லை, உத்தரவைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று இருபது வருடமாகச் சொல்லிவிட்டார்கள். காட்டுவதற்கு அந்தக் காலத்தில் வழியே இல்லை. கடதாசிகள் எல்லாம் சோவியத் ஆவணக் காப்பகத்துக்குள் பூட்டிக் கிடந்தன. இப்போது சோவியத்தே இல்லை. பூட்டுத் திறந்துவிட்டது. அன்ரி ஏழு கடிதம் போட்டார்.

ஏழாவதுக்குப் பதில் வந்த நாளை நான் மறக்கமாட்டேன். காலை ஏழு மணி. ஒன்பதுக்கு முதல் ஒருவர் கதவைத் தட்டுவது மரியாதையில்லை என்று எனக்குப் படிப்பித்த மனுசி, இரண்டு கையாலும் என் கதவை அடிக்கிறார். திறந்தால் இரவு உடுப்போடு நிற்கிறார், கையில் கடதாசி உறை. முதல் நாளே வந்ததாம். இரவு முழுக்க வாசித்திருக்கிறார்.

"ரெண்டு கடதாசியும் இருக்கு. வாரும், வாரும்."

மேசையில் இரண்டு ஃபோட்டோக் கொப்பிகள். ஒன்று தளபதியின் உத்தரவு. மற்றது, கப்பலைப் பிடித்ததைப் பற்றி ஜப்பான்காரர் எழுதிய அறிக்கை. நீதிமன்றத்துக்காக அதை ஒருவர் றஷ்ய மொழியில் பெயர்த்திருந்தார். இரண்டும் ஒரே மாதிரியான பழைய றஷ்ய எழுத்து, புரட்சிக்குப் பிறகு கைவிட்ட எழுத்துகளோடு. அன்ரி அந்த எழுத்தை விரலால் தடவினார். உத்தரவின் திகதி முந்தி, கொடி இறங்கிய திகதி பிந்தி. பத்து நாள் வித்தியாசம்.

"பத்து நாள், பிள்ளை. உத்தரவு வந்து பத்து நாளைக்குப் பிறகுதான் இறக்கியிருக்கிறார்."

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் வழக்கு வென்றபோது கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டேன், வேலைக்கு அரை மணி பிந்தினேன், போர்மனிடம் ஏச்சு வாங்கினேன். ஒன்றும் உறைக்கவில்லை. மண்டபத்துக்காரர் கடதாசியைப் பார்த்துச் சம்மதித்துவிட்டார்கள். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, கூட்டம் கூட்டிப் படத்தை மாட்டுவது என்று முடிவாயிற்று. அந்த நாள் வரும்வரை அன்ரி எங்கள் மாடியில் பறந்து திரிந்தார். புதுச் சட்டை தைப்பித்தார். லிஃப்ற் அறிவித்தலைக் கூடத் திருத்தாமல் விட்டார்.

அந்த ஞாயிறு காலை அவருக்கு உடுப்பு மாட்ட உதவிக்குப் போனேன். எங்கள் வருடப்பிறப்பு முடிந்த கையோடு, பலகாரமும் கொண்டுபோனேன். சட்டையின் பின்பக்கப் பொத்தானைப் பூட்டியபடி, நகரத்தின் மறுகோடியில், வோபர்னில் இருக்கிற என் மச்சாளோடு போனில் பிடித்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்காது. மச்சாள் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம், எங்கள் வீட்டில் திருக்கணித பஞ்சாங்கம். வருடம் பிறக்கிற நேரம் இரண்டிலும் ஒன்றாக வராது. தலைக்கு மூலிகை மருத்துநீர் எப்போது வைப்பது, எப்போது தலை தோய்வது என்று ஒவ்வொரு வருடமும் இரண்டு வீட்டுக்கும் போர்.

"ஒரே வருசம் ரெண்டு வீட்டில ரெண்டு நேரம் பிறக்குது, அன்ரி. உங்கட ரெண்டு கலண்டர் மாதிரித்தான்," என்று சிரித்தேன். சிரித்த வேகத்தில் அடுத்ததும் வந்துவிட்டது. "ஓம், நான் கேக்க வேணும் எண்டு இருந்தனான். ஜப்பான்காரன் எந்தப் பஞ்சாங்கம்? அவனும் உங்கட பழைய கலண்டரே பார்க்கிறவன்?"

என் கைக்குள் இருந்த முதுகு அசையாமல் நின்றது.

பாதிப் பொத்தானோடு எழும்பிப்போய் உறையைத் திறந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் பிடித்து, ஜப்பான் அறிக்கையின் அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"மூலத்தில உள்ள திகதி மாத்தப்படேல்லை எண்டு போட்டிருக்கு," என்றார் மெல்ல. "இது புதுக் கலண்டர். உத்தரவு பழைய கலண்டர். பழைய எழுத்தைக் கண்ட உடனே திகதியும் எங்கட பழைய திகதிதான் எண்டு நினைச்சிட்டன். ரெண்டு கலண்டரைச் சுவரில தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிற நான், ஒரு கழித்தல் செய்யாமல் விட்டிட்டன்."

பதின்மூன்றைக் கழித்தார். பத்து நாள் பிந்தி அல்ல. மூன்று நாள் முந்தி. கப்டன் கொடியை இறக்கி மூன்று நாளைக்குப் பிறகுதான் தளபதி அந்த உத்தரவை எழுதியிருக்கிறார்.

என் நாக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது. "அன்ரி, விடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது. அவை பார்த்திட்டினம், சம்மதிச்சிட்டினம். படத்தை மாட்டட்டும்," என்று கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியுமே," என்றார்.

கிப்லிங் பஸ்ஸில் ஸ்ரேஷன் வரைக்கும் அவர் உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் அழுதுகொண்டு வந்தேன், சத்தமில்லாமல். சப்வேயில் பாதி வழியில் திடீரென்று என் கையைப் பிடித்தார். திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்து, கண் பளபளக்கிறது. அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பா தன்ர வாயால சொன்னவர், விளங்குதோ? ஒருத்தரும் சொல்லேல்லை, நானாத்தான் இறக்கினனான் எண்டு. சாகிற கிழமையும் சொன்னவர். நான் தலையை ஆட்டினனான், ஆனா நம்பேல்லை. ஊரில உள்ள எல்லாற்ற பொய்யையும் வெட்டித் திருத்தினன். வீட்டுக்குள்ள உண்மை சொன்ன ஒரே ஆளைப் பொய்யர் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்." பிடி இறுகியது. "உத்தரவு வந்து இறக்கியிருந்தா அவர் சொன்னதைச் செய்தவர், அவ்வளவுதான். இது அப்பிடியில்லை, பிள்ளை. அவர் தனிய நிண்டு யோசிச்சிருக்கிறார். தன்ர பேர் போகும் எண்டு தெரிஞ்சுகொண்டு, தானா இறக்கியிருக்கிறார்."

மண்டபத்தில் படம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது, மெல்லிய துணியால் மூடி. அன்ரி துணியை இழுக்கவில்லை. எழுந்து நின்று, கைத்தடியை ஊன்றி, றஷ்ய மொழியில் பேசினார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு வழியிலேயே சொல்லியிருந்தார்: என் கணக்குப் பிழை, உத்தரவு பிறகுதான் எழுதப்பட்டது, என் தகப்பன் தானாகச் சரணடைந்தவர், இப்போது முடிவு செய்யுங்கள். ஒரு கிழவர் எழுந்து வெளியே போனார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார். தலைவர் கிட்ட வந்து தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். ஏன் சொன்னீர்கள், நாங்கள் ஒருவரும் கேட்கவில்லையே என்றாராம். பிறகு அவரே ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, மரியாதையாகவே அன்ரியின் கையில் கொடுத்தார்.

எனக்கு அந்த மண்டபத்தையே கொளுத்தவேண்டும் போல ஆத்திரம். அன்ரிக்கு இல்லை. தேத்தண்ணி குடித்து, கேக்கும் ஒரு துண்டு சாப்பிட்டுத்தான் வெளிக்கிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். அன்ரிக்கு ஒரு சீற் கிடைத்தது. படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைப்பார் என்று பார்த்தேன். துணியை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, கப்டனின் முகம் ஆட்களைப் பார்க்க மடியில் நிமிர்த்தி வைத்தார். பக்கத்தில் செக்கியூரிற்றி உடுப்பில் எங்கள் ஆள் ஒருவர் நின்றார், நாற்பது நாற்பத்தைந்து வயது, சாப்பாட்டுப் பையோடு. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆர் தங்கச்சி இது? பெரிய வீரரோ?"

கடற்படைக் கப்டன் என்று சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். அன்ரி பக்கத்தில் இருக்கும்போது அரைகுறையாகச் சொல்ல வாய் வரவில்லை. "இவவின்ர அப்பா, அண்ணை. சண்டையில கப்பலோட சரணடைஞ்சவர்," என்றேன்.

அந்த மனிதர் சாப்பாட்டுப் பையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுக் குனிந்து படத்தைப் பார்த்தார். கேலி செய்யப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தினை பேர் தப்பினவை?" என்று கேட்டார்.

அன்ரி என் கையைச் சுரண்டினார், என்ன கேட்கிறார் என்று. மொழிபெயர்த்தேன். மனுசி சீற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீதிமன்றமும், சீனாவில் ஒதுங்கிப்போன அதிகாரிகளும், மண்டபத்துக்காரரும் கேட்காத கேள்வி அது. இவ்வளவு நாளும் கதை கேட்ட நானும் கேட்டதில்லை. அன்ரி என்னைப் பார்க்காமல் நேரே அந்த மனிதரைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் வரி தப்பாமல் தமிழில் சொன்னேன்.

"முந்நூற்றிப் பதினாறு பேர். ஒரு சமையல்காரன் சிறையில முதல் கிழமையே காய்ச்சலில செத்துப்போனான். அவனைச் சேர்க்கேல்லை."